விசில் டீச்சரின் பச்சைச் சட்டை

நாத்தனார் அந்தப் பச்சைத் துணிக்கட்டைத் தையல் மேசைமேல் தொப்பென்று போட்டபோது, தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நூல் ஊசிக்குள் போகவே இல்லை. போன வருடத்து அதே பச்சை. இளந்தளிரும் இல்லாமல் பாசியும் இல்லாமல், கண்ணைக் குத்துகிற ஒரு பச்சை.

"லீவு விட்டாச்சு. தீம் பார்க்குக்கு டிக்கெட் போட்டாச்சு. பசங்க எல்லாம் வளந்துட்டாங்க, புதுசா தச்சுடு. எனக்கும் ஒண்ணு. பழசு தோள்ல பிடிக்குது" என்றாள் நாத்தனார்.

"இந்த வருஷமும் இதே கலரா அண்ணி?"

"ஏன், கலருக்கு என்ன கேடு? இவ்வளவு துணி மிச்சம் கிடக்கு. வீணாக்கணுமா?"

"அந்தப் பார்க்குல வேலை செய்யறவங்களும் இதே பச்சைதான் போடறாங்க."

"போடட்டும். தப்பு கலர் மேல இல்லம்மா. பிள்ளையப் பாத்துக்கத் தெரியாதவங்க மேல."

சொல்லிவிட்டு நாத்தனார் போய்விட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் எப்போதும் தொங்கும். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் தொங்கும். அதனால் அவளுக்கு விசில் டீச்சர் என்று பெயர். குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் எல்லாருக்கும் ஒரே கட்டிலிருந்து வெட்டிய துணிதான். கூட்டத்தில் யாரும் தொலையாமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி அது. அவள் பிடித்த பிடி. தம்பி, தம்பி மனைவி, புருஷன், பிள்ளைகள், ஒருத்தரும் வாய் திறக்க முடியாது.

போன வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா. அது தெரிந்தால்தான் தையல்காரியின் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அதே பார்க். தண்ணீர்ச் சறுக்கு வரிசையில் தையல்காரி நின்றுகொண்டிருந்தாள். ஒரு இடுப்பில் கைக்குழந்தை உருண்டை, இன்னொரு கையில் மகள் சிட்டு. உருண்டை திடீரென்று துணியை நாசம் செய்துவிட்டான். தையல்காரி சிட்டுவின் கையை எடுத்து நாத்தனாரின் கைக்குள் வைத்தாள். "அண்ணி, பிடிச்சுக்கோங்க. இவனைக் கழுவிட்டு வந்துடறேன்." நாத்தனாரும், "போ போ, நான் இருக்கேன்ல" என்றாள். ஆண்கள் ரோலர் கோஸ்டரில் இருந்தார்கள். நாத்தனாரின் மகன் நெட்டையன் வரிசையில் வெகு முன்னால் நின்றான். கண்ட சாட்சி யாரும் இல்லை.

தையல்காரி அந்தப் பக்கம் போனதும் நெட்டையனுக்குச் சறுக்கில் முறை வந்துவிட்டது. அவனோடு மேலே ஏற வேண்டும் என்ற ஆசையில் நாத்தனார் சிட்டுவின் கையை விட்டாள். "பச்சைச் சட்டையப் பாத்துக்கிட்டே இரு, கண்ணு. பச்சைய விட்டுடாத" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

சிட்டு சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துடைப்பத்தோடு ஒரு பச்சைச் சட்டை நகர்ந்தது. அதன் பின்னாலேயே போனாள். அந்தச் சட்டை இன்னொரு பச்சைச் சட்டையோடு பேசிவிட்டுப் பிரிந்தது. இந்தப் பச்சையின் பின்னால் போனாள். வெயில் இறங்குகிற நேரத்தில், குப்பை வண்டிகள் நிறுத்துகிற முற்றத்தில், காலிப் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தார்கள். அழுது அழுது குரல் போயிருந்தது.

தம்பி அக்காவைக் கேட்டான். அக்கா கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள்: "என் கையில யாரு கொடுத்தா? உன் பொண்டாட்டி பிள்ளைய வரிசையில நிக்க வச்சுட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா. எனக்கு என்ன தெரியும்?"

சிட்டு, "அத்தை விட்டுட்டாங்க" என்றுதான் சொன்னாள். "அம்மா சொல்லிக் கொடுத்தா பிள்ளை சொல்லாதா?" என்று அதையும் மடக்கிவிட்டாள் நாத்தனார்.

அன்றிலிருந்து தையல்காரி பிள்ளையைத் தொலைத்தவள் ஆகிவிட்டாள். மாமியார் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். கணவன் பேருந்து ஓட்டுநர். பணிநேரத்தை மாற்றிக்கொண்டு அவனே மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். "உன்னை நம்பி அனுப்ப முடியாது" என்று ஒருமுறை சொன்னான். பிறகு சொல்லக்கூட இல்லை, அது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண், கையை விரித்து நின்றபடியே, "நீங்கதானே பிள்ளையத் தொலைச்சவங்க?" என்று கேட்டாள். தையல்காரி டேப்பைப் பிடித்தபடி, "ஆமாம்" என்றாள். வேறு என்ன சொல்ல? இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் புளித்துவிட்டது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொடுத்தாள் என்று நாத்தனார் தன் வாயால் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும்.

அது நடக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே, நடக்கக்கூடியதைச் செய்யலாம் என்று அந்தப் பச்சைத் துணியை விரித்தபோது தோன்றியது. உண்மையைச் சொல்லியும் ஒருத்தரும் நம்பாமல் நிற்பது எப்படி இருக்கும்? அதை அந்த மகராசிக்கு ஒரே ஒரு நாள் காட்டினால் போதும்.

தையல்காரியின் கண் ஒரு சட்டையை ஒருமுறை பார்த்தால் மறக்காது. மகளைத் தேடி அந்த முற்றத்தில் ஓடியபோது அவள் பார்த்ததெல்லாம் பச்சைச் சட்டைகள்தான். நிமிர்ந்த காலர். மார்பில் மூடி வைத்த இரண்டு பைகள். தோளிலிருந்து கைவரை நாடாபோல ஓடுகிற வெள்ளை பைப்பிங். முதுகில் ஒரு மடிப்பு. அதை அப்படியே வெட்டினாள். கத்தரிக்கோல் அன்றைக்கு வெண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது. மற்றவர்கள் சட்டைக்கெல்லாம் மஞ்சள் பூப்போட்ட காலர் வைத்துவிட்டாள். சிட்டுவின் கவுனுக்குக் கீழே அகலமாக மஞ்சள் கரை. நாத்தனாருடையதுக்கு மட்டும் பூ இல்லை.

நாத்தனார் போட்டுப் பார்த்து மயங்கிப்போனாள்.

"அடடா! பாக்கெட்டு எல்லாம் வச்சிருக்க! ஆபீசர் மாதிரி இருக்கே. உனக்கு இவ்வளவு நல்லா தைக்க வருமா?"

"உங்களுக்குன்னு கவனமா தச்சேன் அண்ணி."

"விசில் போட ஒரு வளையம் வேற!"

"அதுவும் உங்களுக்குன்னுதான்."

பார்க் வாசலில் இறங்கியதும் நாத்தனார் விசில் அடித்து எல்லாரையும் உயரப்படி நிற்கவைத்தாள். நெட்டையன், மருந்துக்கடைக்காரரான அவன் அப்பா, ஓட்டுநர், தையல்காரி, சிட்டு. உருண்டை மாத்திரம் இடுப்பில் இருந்தான். சிட்டு அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன வருடத்துக்குப் பிறகு கூட்டம் என்றாலே அவளுக்கு அந்தச் சுண்டுவிரல் வேண்டும்.

உள்ளே போய் மூச்சு விடவில்லை, ஒரு பெரியவர் வேகமாக வந்தார்.

"ஏம்மா, டாய்லெட் எந்தப் பக்கம்?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் நாத்தனார்.

"தெரியாதா? அப்புறம் எதுக்கு இங்க நிக்கிறீங்க?"

"சுத்திப் பாக்க வந்திருக்கேன்!"

"நல்லா சுத்திப் பாக்கறீங்க. சம்பளத்தையும் வாங்கிக்கிட்டு" என்று முணுமுணுத்தபடி அவர் ஓடினார். அவருக்கு நின்று சண்டை போட நேரம் இல்லை.

அடுத்து ஒரு பெண் வந்தாள். ஒன்றும் பேசவில்லை, உருகி வழிகிற ஐஸ்கிரீம் கப்பை நாத்தனாரின் கையில் வைத்துவிட்டு, "அங்க பெஞ்சிலயும் கொட்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டாள். நாத்தனார் கப்பைப் பிடித்தபடி வாய் பிளந்து நின்றாள். விரல் இடுக்கெல்லாம் ஒழுகியது.

"என்னக்கா, பார்ட் டைமா?" என்று தம்பி சிரித்தான்.

"சும்மா இருடா. ஊர்ல இருக்கற கிறுக்கெல்லாம் இன்னிக்குத்தான் லீவுல வந்திருக்கு."

தையல்காரி உருண்டையின் வாயைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. சிரிப்பை மறைக்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

குதிரை ராட்டினத்தின் அருகே உண்மையான மேற்பார்வையாளர் ஒருவரே வந்து பிடித்துக்கொண்டார். "தொப்பி எங்க? வெயில்ல தொப்பி இல்லாம நிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது?"

"யோவ், நான் டிக்கெட் எடுத்து வந்திருக்கேன்யா!"

"வேலைக்குக் கூப்பிட்டா மட்டும் எல்லாரும் டிக்கெட் எடுத்த ஆளாயிடுவீங்க. போய் தொப்பியப் போடுங்க, போங்க."

நாத்தனார் முகம் சிவந்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் விசிலை எடுத்து ஓங்கி ஊதிவிட்டாள். அவ்வளவுதான். ராட்டினத்தைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டிருந்த கூட்டம் மளமளவென்று அவள் முன்னால் வரிசையாக நின்றுவிட்டது. முதலில் நின்ற குண்டு மனிதர் பணிவாக, "மேடம், ஒரு குதிரைல ரெண்டு பேர் உக்காரலாமா?" என்று கேட்டார். மேற்பார்வையாளர், "பாத்தீங்களா, மனசு வச்சா வேலை நல்லாத்தான் செய்யறீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

"நான் இங்க வேலை செய்யல! நான் இங்க வேலை செய்யல!" என்று நாத்தனார் கத்தினாள். ஒரு ஈ காக்கைகூடக் காதில் வாங்கவில்லை.

தையல்காரிக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது. ஒரு வருடமாக அடிவயிற்றில் கிடந்த நெருப்பில் யாரோ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதுபோல. சொல்லு அண்ணி, இன்னும் சொல்லு, தொண்டை கிழியச் சொல்லு என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்த இடத்தில் குட்டு உடைந்தது. துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஒரு பணிப்பெண் வந்து நாத்தனாரின் பக்கத்தில் சகஜமாக உட்கார்ந்தாள். "புதுசா சேந்தீங்களா அக்கா? எந்த செக்‌ஷன்?"

நாத்தனார் அவள் சட்டையைப் பார்த்தாள். காலர். பை. பைப்பிங். தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு தலையை மெல்லத் திருப்பித் தையல்காரியைப் பார்த்தாள்.

"வேணும்னே தச்சியா?"

"துணி நீங்க எடுத்தது அண்ணி."

"துணிய விடு. இந்த வெள்ளை பைப்பிங்?"

"மிச்சம் இருந்துச்சு. வீணாக்கணுமா?"

மருந்துக்கடைக்காரர் அதிகம் பேசாதவர். ரொட்டியை மென்றபடி சொன்னார்: "அந்தக் கடையில டீ-ஷர்ட் தொங்குது. ஒண்ணு வாங்கி மாத்திக்கயேன்."

"எதுக்கு? என் கலருக்கு என்ன கேடு?" என்று நாத்தனார் சீறினாள். வேறு சட்டை போட்டால் இந்தப் பச்சை தப்பு என்று ஆகிவிடும். பச்சை தப்பு என்றால் போன வருடமும் தப்பு என்று ஆகிவிடும். அவள் வெந்தாலும் அந்தச் சட்டைக்குள்ளேயே வேகத் தயாராக இருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் ராட்சத ராட்டினத்தில் ஏறப் போனார்கள். நாத்தனாருக்குத் தலைவலி. தூரத்தில் ஒரு மரத்தடியில் முறைத்துக்கொண்டு நின்றாள். தையல்காரி எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து உருண்டைக்குப் பால் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிட்டு அவள்மேல் சாய்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்தக் குழந்தை வந்தது. சிவப்புக் கவுன். ஒரு காலில்தான் செருப்பு. மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுக, ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்தது. பெரியவர்களின் முகம் அந்த உயரத்துக்கு எட்டுமா? கால்கள்தான் தெரியும். பச்சைச் சட்டையின் ஓரம் கண்ணில் பட்டதும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"யாரு பாப்பா நீ? விடு. உங்க அம்மாகிட்ட போ" என்றாள் நாத்தனார்.

குழந்தை விடவில்லை.

பெஞ்சில் தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். விடுவாள் பார், இப்போது உதறிவிட்டுப் போவாள் பார் என்று காத்திருந்தாள். அவள் உதற வேண்டும் என்று அந்த நேரத்தில் மனதார ஆசைப்பட்டாள் என்றால் நீங்கள் அவளைத் தப்பாக நினைக்கக் கூடாது. எரிகிற வயிறு அப்படித்தான் ஆசைப்படும்.

நாத்தனார் சுற்றிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தாள். கைக்குட்டையால் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். விளையாட்டு மைதானக் குரலில், "யாரோட பிள்ளைங்க இது?" என்று நாலு திசையும் கூப்பிட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே அலுவலகம் இருக்கும் பக்கம் நடந்தாள்.

தையல்காரிக்குக் குளுகுளுப்பு எல்லாம் போய்விட்டது. உடம்பு தகித்தது. எவளோ பெற்ற பிள்ளையை இப்படிப் பிடிக்கத் தெரிகிறதே இவளுக்கு! என் பிள்ளையின் கை மட்டும் கனத்துவிட்டதா?

நாத்தனார் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் ஒரு அலறல் கேட்டது. குழந்தையின் அம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "என் பிள்ளைய எங்கடி தூக்கிட்டுப் போற?" பின்னால் அப்பா. அவர்களுக்குப் பின்னால் கூட்டம். நீல உடுப்பில் காவலாளி விழுந்தடித்து வந்தான்.

"உங்க கார்டு எங்க?"

"என்ன கார்டு? நான் இங்க வேலை செய்யல!"

காலையிலிருந்து அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் நம்பாத ஊர் இப்போது சட்டென்று நம்பியது. நம்பியதுதான் வினை.

"வேலை செய்யலன்னா எதுக்கு எங்க சட்டையப் போட்டுட்டு, பிள்ளையத் தூக்கிட்டுப் போறீங்க?"

கூட்டத்தில் யாரோ, "யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு பிள்ளை பிடிக்க வந்திருக்காங்கய்யா!" என்றார்கள். காற்றில் தீ பிடித்ததுபோல அந்தப் பேச்சு பரவியது.

பாதுகாப்பு அறை சின்னது. ஒரு மேசை, கடகடக்கும் மின்விசிறி, மூலையில் ஒரு பெரிய கூடை நிறைய ஒற்றைச் செருப்பும் தொப்பியும் யாரோ மறந்துவிட்டுப் போன சட்டைகளும். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மாவுக்குக் கண்ணாடிக்கு மேலே புருவம் நிமிர்ந்தே இருந்தது. ராட்டினத்திலிருந்து இறங்கிய ஆண்கள் மூச்சிரைக்க வந்து கதவோரம் நின்றார்கள். சிவப்புக் கவுன் குழந்தை தன் அம்மாவின் தோளில் விக்கிக்கொண்டிருந்தது.

"போலீசுக்குச் சொல்லியாச்சு. வந்துட்டிருக்காங்க" என்றாள் அதிகாரியம்மா.

"நான் டீச்சர்ங்க! குழந்தைதான் வந்து என்னைப் பிடிச்சுது. உங்க ஆபீசுக்குத்தான் தூக்கிட்டு வந்தேன்."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க" என்றாள் குழந்தையின் அம்மா.

பள்ளிக்கூடத்துக்குச் செய்தி போனால் என்ன ஆகும் என்று விசில் டீச்சரின் கண்ணில் ஓடியது. திரும்பித் தையல்காரியைப் பார்த்தாள். "நீ எதிரதான் உக்காந்திருந்த. எல்லாத்தையும் பாத்த. சொல்லும்மா. சொல்லேன்!"

எல்லாரும் தையல்காரியைப் பார்த்தார்கள். அவள் உருண்டையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு என்ன தெரியும் அண்ணி?"

நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

கணவன் அவள் தோளைத் தொட்டான். "ஏய், விளையாடற நேரமா இது? பாத்தியா, இல்லையா?"

"உங்க அக்காவ ஒண்ணு கேளுங்க. போன வருஷம் சிட்டு கைய நான் அவங்க கையில கொடுத்தேனா இல்லையான்னு கேளுங்க. அவங்க அதுக்குப் பதில் சொல்லட்டும். நான் இதுக்குப் பதில் சொல்றேன்."

"இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்கு ஒரு வருஷமா அது மட்டும்தான் முக்கியம்."

"என்னம்மா இது, உங்க வீட்டுச் சண்டைய எல்லாம் இங்க கொண்டு வந்துக்கிட்டு" என்று அதிகாரியம்மா தொடங்கினாள். தையல்காரியின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டாள்.

மின்விசிறி கடகடத்தது. நாத்தனார் தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். எங்கேயும் ஒதுங்க இடம் இல்லை. அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு சிட்டு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் எல்லாரையும் பார்த்தாள்; அந்தப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"கொடுத்தா" என்றாள்.

"கேக்கல அண்ணி. மைதானத்துல கூப்பிடுவீங்களே, அந்தக் குரல் எங்க?"

"கொடுத்தா! என் கையிலதான் கொடுத்தா. பிடிச்சுக்கோங்கன்னு சொல்லித்தான் கொடுத்தா. இவனுக்கு டர்ன் வந்துச்சு, நான் மேல ஏறிட்டேன். நான்தான் விட்டுட்டேன். பச்சைச் சட்டையப் பாத்துக்கிட்டே இருன்னு சொன்னேன். போதுமா?"

ஓட்டுநர் சுவரைப் பிடித்துக்கொண்டான். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

தையல்காரி அதிகாரியம்மாவின் பக்கம் திரும்பினாள். இப்போது அவள் குரலில் ஒரு பிசிறும் இல்லை. "அந்தக் குழந்தை தானாத்தான் வந்துச்சு. முதல்ல சட்டையப் பிடிச்சுது. இவங்க மூக்கைத் துடைச்சாங்க, யாரு பிள்ளைன்னு நாலு பக்கமும் கூப்பிட்டாங்க, யாரும் வரல. இங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. ஒரு நொடிகூடக் கைய விடல. நான் பாத்தேன்."

சிவப்புக் கவுன் குழந்தை அம்மாவின் தோளிலிருந்தே கையை நீட்டி நாத்தனாரின் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தது. அதன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"சரி. சட்டை?" என்றாள் அதிகாரியம்மா.

"நான் தச்சது."

"எதுக்கு எங்க சட்டை மாதிரியே?"

"பாத்தேன். மனசுல நின்னுடுச்சு. தச்சேன். தையல்காரி வேற என்ன செய்வா?"

அதிகாரியம்மா அவளையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வீட்டிலும் நாத்தனார் இருந்திருக்க வேண்டும். போலீசுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றாள். "ஆனா இந்தச் சட்டையோட வெளிய விட முடியாது. கழட்டி வச்சுட்டுப் போங்க. கூடையில ஏதாவது இருந்தா எடுத்துக்கோங்க."

கூடையில் நாத்தனாரின் அளவுக்கு ஒன்றுதான் இருந்தது. இளஞ்சிவப்பு நிறம். நடுவில் ஒரு முயல் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

அந்த முயலோடு அவள் வெளியே வந்ததும் ஒரு நன்றியும் சொல்லவில்லை. தையல்காரியும் எதிர்பார்க்கவில்லை. கணவன்தான் தொண்டையைச் செருமினான்.

"இத ஏன்டி நீ அப்பவே சொல்லல?"

"சொல்லலையா? தினம் சொன்னேன். சாப்பாடு போடும்போது சொன்னேன், அழுதுகிட்டே சொன்னேன், சண்டை போட்டுச் சொன்னேன். உங்க காதுல உங்க அக்கா விசில்தான் கேட்டுச்சு."

அவன் தலை குனிந்தான். குனியட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து மாமியாரின் எண்ணை அழுத்தி நாத்தனாரிடம் நீட்டினாள்.

"அத்தைகிட்டயும் சொல்லிடுங்க."

"ஏய்! அதான் சொல்லிட்டேன்ல?"

"இங்க இருக்கறவங்ககிட்ட சொன்னீங்க. போன வருஷம் எங்கெங்க சொன்னீங்களோ அங்கெல்லாம் சொல்லணும். அத்தைலேந்து ஆரம்பிங்க."

மருந்துக்கடைக்காரர் அன்றைக்கு இரண்டாவது முறையாக வாய் திறந்தார். "சொல்லிடு. நானும் கேக்கறேன்."

நாத்தனார் போனை வாங்கினாள். "அம்மா... ஆங், நல்லா இருக்கோம். ஒண்ணுமில்ல... போன வருஷம் சிட்டு தொலைஞ்சாள்ல? அவ என் கையிலதான் கொடுத்துட்டுப் போனா."

அந்தப் பக்கம், "என்னது?" என்று கேட்டது.

"என் கையிலதான் கொடுத்தான்னு சொல்றேன்."

"என்னடி சொல்ற? கேக்கல."

மாமியாருக்குக் காது நன்றாகக் கேட்கும். நம்பத்தான் முடியவில்லை. ஒரு வருடம் ஊர் முழுக்கத் தன் வாயாலேயே பரப்பியதை ஒரு நொடியில் எப்படி விழுங்குவாள்? நாத்தனார் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மறுபடியும் "என்ன?" வந்தது. கடைசியில் விசில் டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கிற குரலில் கத்தினாள்:

"நான்தான்மா பிள்ளையத் தொலைச்சேன்! அவ தொலைக்கல! நான்! நான்!"

பாப்கார்ன் வண்டிக்காரர் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முயல் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

தையல்காரிக்கு அந்தச் சத்தம் தேன் மாதிரி இருந்தது கண்ணுகளா. பாவம் என்று ஒரு மூலையில் தோன்றியது உண்டு. தோன்றியதை அப்படி ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, தேனைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

உருண்டை நெளிந்தான். மூக்கில் ஏறிய வாசனையிலிருந்து விஷயம் தெரிந்தது. கணவன் அவசரமாக, "கொடு, நான் கழுவிட்டு வரேன்" என்று கையை நீட்டினான். ஒரு வருடத்தில் முதல்முறை.

"இருங்க" என்றாள் தையல்காரி. பிள்ளையைக் கொடுக்காமல் நாத்தனாரைக் கூப்பிட்டாள். "அண்ணி, இங்க பாருங்க. நல்லா பாருங்க. அண்ணா, நீங்களும். இதோ, இவர் கையில கொடுக்கறேன்."

உருண்டையைக் கணவனின் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்தாள். வைத்துவிட்டுத் தன் கைகளை எல்லாரும் பார்க்க விரித்துக் காட்டினாள்.

"பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

விசில் டீச்சர் திரும்பிப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் இன்னும் கலைந்து போகவில்லை.

"தம்பி கையில கொடுத்த" என்றாள்.